மறியல் வாரத்துப் பால்

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஊசி போடக் கை நடுங்குகிறது, பிரசவம் பார்க்கக் கை வரவில்லை என்பார்கள். கை தானாக வரும், கவலைப்படாதீர்கள். முப்பத்து மூன்று வருடம் கிராம செவிலியராக இருந்தவள் சொல்கிறேன்: நம் வேலையில் கையால் செய்த தப்பைவிட வாயால் செய்த தப்புதான் ஜாஸ்தி. என் தப்புகளில் ஒன்றைச் சுருக்கமாகவும் ஒன்றை விரிவாகவும் சொல்கிறேன். முதலாவதை நீட்டிச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெம்பில்லை.

என் முதல் துணை சுகாதார நிலையம் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில். அங்கே ஒரு காலனி முழுக்கக் கரும்பு வெட்டப் போகிறவர்கள். கைப்பிடி நிலம்கூட யாருக்கும் கிடையாது. மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளைப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். அதில் ஒரு கட்டம், தாய்ப்பால் தருகிறாரா, ஆம் அல்லது இல்லை. ஒரு பெண்ணிடம் மூன்று மாதமும் கேட்டேன். மூன்று மாதமும் "குடுக்கிறேங்க" என்றாள். மூன்று முறையும் ஆம் என்று எழுதினேன். குழந்தை இளைத்துக்கொண்டே போனது. பூச்சி மருந்து, சத்து மருந்து என்று ஏதேதோ கொடுத்தேன். நாலாவது மாதம் குழந்தை இல்லை.

அவள் பொய் சொல்லவில்லை. பால் கொடுத்தாள்தான், ராத்திரியில். விடிவதற்கு முன்னால் கரும்பு வெட்டுக்குப் போனால் வெயில் சாய்ந்துதான் திரும்புவாள். பகலெல்லாம் ஏழு வயது மூத்தவள் கஞ்சித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டுக்கு வந்ததும் மார் கனத்து வலிக்கும், ஆனாலும் உடனே கொடுக்கக் கூடாது. வெயிலில் நின்று வேலை செய்தவளின் பால் சூட்டுப்பால், அது குழந்தைக்கு ஆகாது என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். அதனால் நாள் முழுக்கச் சேர்ந்த பாலை அவள் வரப்பிலேயே பீச்சிவிட்டு வருவாள். எத்தனை தடவை கொடுக்கிறாய், எப்போது கொடுக்கிறாய், பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான் கேட்டிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். காரியம் முடிந்த பிறகு துக்கம் கேட்கப் போனபோதுதான் கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்து, "நீங்க கேட்டப்போ குடுக்கிறேன்னு சொன்னேனே, அது தப்பாங்க?" என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறம் என்னைக் கல்வராயன் மலைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தண்டனையெல்லாம் இல்லை. மலைக்குப் போக ஆள் கிடைக்கவில்லை, எனக்குச் சிபாரிசு செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான். வெள்ளிமலையிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் என் துணை நிலையம் வரும். ஓட்டுக்கூரை, ஒரு அறை, அதன் பின்னால் நான் சமைத்துப் படுக்க இன்னொரு அறை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்களே, நான் அப்படி ஆகியிருந்தேன். இனி ஒரு குழந்தையையும் விடக்கூடாது என்று புத்தகத்தில் இருந்ததையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தேன். கை கழுவு, தண்ணீரைக் கொதிக்க வை, காய்ச்சல்காரர் பக்கத்தில் குழந்தையை விடாதே என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பேன். மலைக்காரர்கள் யாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. "நீ இன்னா நர்சம்மா, எப்பப் பார்த்தாலும் வைஞ்சிக்கினே இருக்கிற" என்று சிரிப்பார்கள். பயத்தைத்தான் நான் கண்டிப்பாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அது அப்போது எனக்கே தெரியாது.

என் நிலையத்திலிருந்து மேட்டில் ஏறினால் இருபது வீடுள்ள ஒரு ஊர். அங்கே கோவிந்தன், சின்னப்பொண்ணு என்று ஒரு ஜோடி. சாமையும் கேழ்வரகும் விளைகிற ஒரு துண்டுக் காடு அவர்களுக்கு உண்டு. முதல் குழந்தை பெண், பிறந்து நாற்பது நாள். சின்னப்பொண்ணுக்கு அந்த ஊரிலேயே கூடப்பிறந்த அண்ணன் இருந்தான், பெயர் சடையன். அவன் பெண்சாதி ராசாத்திக்கு ஏழு மாதத்தில் ஒரு பையன். சின்னப்பொண்ணுக்குப் பெண் பிறந்த அன்றைக்கே இரண்டு வீட்டிலும் பேச்சு முடிந்துவிட்டது. மாமன் மகன் ரெடியாக இருக்கிறான், பெண் நம் வீட்டுக்குத்தான் என்று சடையன் வெல்லம் கொடுத்துவிட்டுப் போனான். கேலிக்குச் சொன்னதில்லை. சின்னப்பொண்ணு என்னிடம் ஒருமுறை சொன்னாள், "எங்க அண்ணன் வூட்டுக்குப் போனா எம்பொண்ணை எவனும் கை நீட்டி அடிக்கமாட்டான். நான் பொறந்த வூட்டு அடுப்புலயே அவ சோறு ஆக்குவா." ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பத்திரம் அவளுக்குத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் சின்னப்பொண்ணு காய்ச்சலோடு வந்தாள். இடது மாரில் பால் கட்டி, வீங்கி, சீழ் வைத்துவிட்டது. தொட்டால் துடித்தாள். கீறிச் சீழ் எடுக்கவேண்டும், அதற்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். அனுப்பினது சரி, அதில் தப்பில்லை. குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பினபோதுதான் நான் குறுக்கே விழுந்தேன்.

"குழந்தையை எங்கே கூட்டிக்கினு போற? அங்க நோயாளிங்க கூட்டம். இந்தச் சீழ்ப்பாலைக் குடிச்சா அதுக்கும் காய்ச்சல் வரும். வுட்டுட்டுப் போ. இன்னைக்கில்லன்னா நாளைக்குச் சாயங்காலம் வந்துடப்போற."

"பால் இல்லாம அது எப்படி இருக்கும், நர்சம்மா?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

இன்றைக்கு உங்களில் நேற்றுச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும், ஒரு மாரில் கட்டி வந்தால் மறு மாரில் தாராளமாகக் கொடுக்கலாம், தாய் எங்கே போகிறாளோ குழந்தையும் அங்கே போகவேண்டும் என்று. அன்றைக்கு எனக்குச் சுத்தம்தான் தெரிந்தது, பிள்ளையின் பசி தெரியவில்லை. அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அண்ணன் சடையனோடு பஸ்ஸுக்கு நடந்தாள். என்னிடம் ஒரு பால்மாவு டப்பா இருந்தது. கோவிந்தனைக் கூப்பிட்டு எத்தனை கரண்டி மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று காட்டி, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் சாய்த்துப் புகட்டவும் சொல்லிக் கொடுத்து, டப்பாவை அவன் கையில் கொடுத்தேன். வாய் சும்மா இருந்ததா? "டப்பா ஒன்னுதான் இருக்கு கோவிந்தா, பார்த்துச் செலவு பண்ணு" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பஸ் வரவில்லை.

அது இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் போராட்டம் நடந்த காலம். கீழே ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கிவிட்டது என்று வெள்ளிமலை டீக்கடையில் சொன்னார்கள். புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்களாம். பஸ், ஜீப், லாரி எதுவும் நகரவில்லை. அவர்கள் கேட்டதைப் பற்றி நான் ஒன்றும் குறை சொல்லமாட்டேன். என் சொந்தத் தம்பியே அதில் ரோட்டில் உட்கார்ந்திருந்தான். நல்ல மார்க் வாங்கியும் படிக்க இடம் கிடைக்காதவன். அவன் கேட்டது நியாயம்தான். மலைமேல் ஒரு பிள்ளை பால் கேட்டதும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ரோடு அடைந்து கிடந்தது.

புதன்கிழமை காலையில் கோவிந்தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மழையில் நனையாமல் இருக்கத் தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தியிருந்தான். விடிந்ததிலிருந்து ஆறு தடவை தண்ணீராகப் போயிருந்தது. கண் உள்ளே போய்விட்டது. அழுகை வாயைத் திறப்பதோடு நின்றது, சத்தம் இல்லை. பால் எப்படிக் கலக்கினாய், காட்டு என்றேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரைக் காட்டினான். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது.

"எத்தனை கரண்டி போட்ட?"

"அரை."

"நான் எத்தனை சொன்னேன்?"

"நீதான் பார்த்துச் செலவு பண்ணச் சொன்ன. ரோடு எப்பத் தெறக்குமோ தெரியாது. டப்பா தீந்துட்டா இன்னா பண்றது? அதான் கம்மியா போட்டேன்."

விறகு நனைந்துபோய் அடுப்பு எரியவில்லை என்று தண்ணீரையும் ஒழுங்காகக் கொதிக்க வைக்கவில்லை. அவனைத் திட்ட வாயெடுத்து மூடிக்கொண்டேன். அவன் என் சொல்லைத் தட்டவே இல்லை. நான் பயத்தில் சொன்ன ஒரு வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தன் பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறான். நாம் சொல்லிக் கொடுக்கிற அளவெல்லாம் அவர்களுக்கு மறந்துபோகும், நம் முகத்தில் இருந்த பயம் மட்டும் மறக்காது.

உப்பு சர்க்கரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். வயிற்றுப்போக்கு கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் போக்கு கண்ட வயிற்றுக்குப் பால்மாவு தாங்காது, அந்தப் பிள்ளைக்கு வேண்டியது தாய்ப்பால். தாய் இருப்பது கள்ளக்குறிச்சியில். "நான் தூக்கிக்கினு நடந்தே போயிடறேன்" என்றான் கோவிந்தன். ஒரு நாள் முழுக்க நடந்தாலும் போதாது, மழை வேறு. வழியிலேயே குழந்தை போய்விடும் என்று தடுத்தேன். அப்போதுதான் ராசாத்தி நினைவுக்கு வந்தாள். ஏழு மாதப் பிள்ளைக்காரி, மாரில் பால் இருக்கிறது, ஊரில் அப்போது பால் கொடுக்கிற பெண் வேறு யாரும் இல்லை. இன்றைக்கென்றால் ரத்தம் பரிசோதிக்காமல் இன்னொருத்தி பாலைக் கொடுக்கச் சொல்லமாட்டோம். அன்றைக்கு அந்தப் பேச்சே கிடையாது.

"ராசாத்திகிட்ட கொண்டு போ. அவ பால் குடுக்கட்டும். புள்ளை பொழைச்சுக்கும்."

கோவிந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அது முடியாது, நர்சம்மா."

"ஏன் முடியாது?"

"அவ மார்ல குடிச்சா எம்பொண்ணும் அவ பையனும் ஒரே மார்ல வாய் வெச்சதாயிடும். அண்ணன் தங்கச்சி ஆயிடுவாங்க. முறை போயிடும். சின்னப்பொண்ணு வந்து, எங்க அண்ணன் வூட்டு வாசலை எம்பொண்ணுக்கு அடைச்சிட்டியேன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? அவ இல்லாத நேரத்துல அதை நான் பண்ண முடியாது."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பிள்ளை சாகக் கிடக்கிறது, இவன் இருபது வருடம் கழித்து வரப்போகிற கல்யாணத்தைப் பேசுகிறான். மூடநம்பிக்கை, காட்டுமிராண்டித்தனம், நீயெல்லாம் ஒரு அப்பனா என்று என்னென்னவோ கத்தினேன். கோவிந்தன் குழந்தையைச் சட்டையில் சுற்றினான், கரைசல் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டான், மழையில் மேட்டில் ஏறிப் போய்விட்டான். நான் வாசலில் நின்று, "போ, போ, அதைக் கொன்னுட்டு வா" என்று கத்தினேன்.

அப்படிச் சொன்னவள்தான் உங்களுக்கு இப்போது புத்தி சொல்கிறேன்.

அன்றைக்கு மத்தியானமெல்லாம் கரும்பு வெட்டுக்காரி முகம்தான் கண்முன்னால் நின்றது. அவளிடம் நான் கேட்ட கேள்வி தப்பு. இவனிடம் நான் ஒன்றும் கேட்கவே இல்லை. எனக்கு ஒரு வழி தெரிந்ததும் அதை அவன் தலையில் போட்டுவிட்டுக் கத்தத் தொடங்கிவிட்டேன். அவன் சொன்ன பதிலை மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். பிள்ளை சாகட்டும் என்று அவன் சொல்லவில்லை. பெண்சாதி இல்லாத நேரத்தில் அவள் பிள்ளைக்கு அவள் வைத்திருந்த ஒரே பத்திரத்தைக் கிழிக்கத் தனக்கு உரிமை இல்லை என்றுதான் சொன்னான். அதில் என்ன காட்டுமிராண்டித்தனம்? படித்த வீடுகளில்கூட அவ்வளவு யோசிக்கிற புருஷன்மார் எத்தனை பேர்? எனக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். கோவிந்தன் வீட்டில் ராசாத்தியும் இருந்தாள், இடுப்பில் அவள் பையன். குழந்தை கூடையில் கிடந்தது. பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. நான் கீழே உட்கார்ந்தேன்.

"கோவிந்தா, நேத்து நான் பேசினது தப்பு. சின்னப்பொண்ணைத் தனியா அனுப்பினதும் நான்தான், புள்ளையை வுட்டுட்டுப் போகச் சொன்னதும் நான்தான். டப்பாவைப் பத்தி உன்னைப் பயமுறுத்தினதும் நான்தான். இதுல உம்மேல ஒன்னும் இல்ல."

அவன் கண் கலங்கியது. "புள்ளை பொழைக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

"பால் உள்ள போனா பொழைக்கும். முறையும் போகக்கூடாது, புள்ளையும் போகக்கூடாதுன்னா இன்னா பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க."

 கோவிந்தன் மெதுவாக, "மார்ல வெக்காம, கறந்து ஊத்தினா முறை போவாதுல்ல?" என்றான். ராசாத்தி தலையாட்டினாள். எனக்கு உயிர் வந்தது. பாலாடையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். ராசாத்தி ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து பீச்சத் தொடங்கினாள்.

பீச்சினால் பால் வந்துவிடுமா? மார் என்ன குழாயா, திருகினதும் கொட்ட? நான் ஒருபக்கம் கிண்ணத்தோடு நிற்கிறேன், வாசலில் ஊரே நிற்கிறது. பிள்ளை வாய் படாமல், மனம் இளகாமல் பால் இறங்காது. ஒரு மணி நேரத்தில் இரண்டு கரண்டிகூட வரவில்லை. அதைப் புகட்டினோம். மறுபடியும் முயன்றாள், இன்னும் கம்மியாக வந்தது. தன் மகனைக் கொஞ்ச நேரம் குடிக்க விட்டு, பால் சுரந்ததும் அவனைப் பிரித்துப் பீச்சிப் பார்த்தாள். அவன் வீறிட்டுக் கத்தினான். அதிலும் அரைப் பாலாடைதான்.

மத்தியானம் ஆனதும் குழந்தை விழுங்குவதை நிறுத்திவிட்டது. வாயோரம் ஊற்றினால் அப்படியே வழிந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், காலை இழுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது, மருந்தும் சரி, புத்தியும் சரி. நான் ராசாத்தியைப் பார்க்கவில்லை. பார்த்தால் என் கண்ணே அவளைக் கட்டாயப்படுத்திவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராசாத்தி எழுந்தாள். தன் மகனைக் கோவிந்தன் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, நீ வெளியே போ. எல்லாரையும் கூட்டிக்கினு போ."

அவன் போனான். வாசலில் நின்ற கூட்டமும் நகர்ந்தது.

"நர்சக்கா, நீயும் போ."

"நான் கூட இருக்கறேன் ராசாத்தி, புள்ளை வாய் வெக்கலன்னா…"

"போ அக்கா. நாளைக்கு யாராவது கேட்டா நர்சு சொல்லித்தான் குடுத்தேன்னு ஆயிடும். நான்தான் குடுத்தேன்னு இருக்கட்டும்."

கதவு சாத்தப்பட்டது. பொண்ணுங்களா, நீங்கள் படிக்கிற பாடத்தில் எப்போது உள்ளே போகவேண்டும் என்று நிறைய எழுதியிருக்கும். எப்போது வெளியே போகவேண்டும் என்று ஒரு வரிகூட இருக்காது. என் வேலைக்காலத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று அந்தக் கதவுக்கு வெளியே மழையில் வாயை மூடிக்கொண்டு நின்றது. எனக்குப் பக்கத்தில் கோவிந்தன் மச்சான் மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் கதவைப் பார்க்கவில்லை, ஆனால் காது அங்கேதான் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு ராசாத்தி ஏதோ முணுமுணுப்பாகப் பேசுகிற குரல். அப்புறம் ஒரு இருமல், குழந்தை பாலில் புரைக்கேறி இருமுகிற இருமல். நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அதைவிட இனிமையான சத்தம் கிடையாது. கோவிந்தன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளியும் சனியும் ராசாத்தி இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். ஊரில் வேளைக்கு ஒரு வீட்டிலிருந்து அவளுக்குக் கேழ்வரகுக் கூழும் கீரையும் வந்தது. நான் காலையில் ஏறிப் போய்ச் சாயங்காலம் இறங்குவேன். குழந்தையின் அழுகைக்குச் சத்தம் திரும்பியது, உள்ளே போன கண் தெளிந்தது. முறையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ராசாத்தியின் முகத்தில் சிரிப்பில்லை. பால் கொடுக்கும்போது கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். நாத்தனாருக்கு என்ன சொல்வது என்றுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். எனக்கும் அதுதான். ஒரு பிள்ளை பிழைத்துவிட்டது, சரி. என் அவசரத்தால் ஒரு தாயின் ஆசை போயிற்றே, அதை யார் அவளிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், கோவிந்தன் காட்டுக்குப் போயிருந்த நேரம். அவன் வீட்டுக்குள் ராசாத்தி பெண் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள், நான் பையனுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். சின்னப்பொண்ணு வாசலில் வந்து நின்றாள். பின்னால் சடையன். ரோடு இன்னும் திறக்கவில்லை. கட்டுப் போட்ட மாரோடு, பிள்ளை நினைப்பில், தடுக்கத் தடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி இரண்டு நாள் நடந்து வந்திருக்கிறாள். மரம் வெட்டிப் போட்டிருந்த இடங்களில், அவள் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு மறியல் செய்த பையன்களே அவளைக் கைத்தாங்கலாகத் தாண்டி விட்டார்களாம்.

அவள் பார்த்தாள். தன் பெண் அண்ணியின் மாரில். ராசாத்தி எழுந்திருக்கவில்லை, பிள்ளையை எடுக்கவும் இல்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றாள். "கோவிந்தண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. நர்சக்காவும் குடுன்னு சொல்லல. வையறதுன்னா என்னை வையி."

சடையன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சின்னப்பொண்ணு பிள்ளையின் பக்கத்தில் மண்டியிட்டு அதன் காலைத் தொட்டாள், கையைத் தொட்டாள், தலையை முகர்ந்தாள். பிறகு அழுதாள். அடக்கி வைத்த அழுகை, நடந்து வந்த இரண்டு நாளும் சேர்ந்து வந்தது.

"எங்க அண்ணன் வூட்டுக்கு அனுப்பணும்னு இருந்தேன் அண்ணி. நான் பொறந்த வூட்டுக்கு."

"தெரியும்" என்றாள் ராசாத்தி. அவளும் அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னப்பொண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாள். என் மடியிலிருந்த பையனைக் கேட்டாள். கொடுத்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கட்டுப் போடாத வலது மாரில் அந்த ஏழு மாதப் பையனைச் சேர்த்தாள். ஒரு வாரமாகப் பிள்ளை வாய் படாத மார். ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்று பீச்சிப் பீச்சிவிட்டும் கனத்துக் கிடந்தது. பையன் முதலில் முகத்தைத் திருப்பினான், அப்புறம் கவ்விக்கொண்டான்.

"நீ இன்னாடி பண்ற?" என்றான் சடையன்.

"அண்ணி எம்பொண்ணுக்குக் குடுத்துட்டா. அவ புள்ளைக்கு நான் குடுக்காம இருந்தா நல்லா இருக்குமா? அரைகுறையா இருக்க வேணாம். முழுசா அண்ணன் தங்கச்சியாவே இருந்துட்டுப் போவட்டும். எம்பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல, இப்ப வந்துட்டான்." வலியில் உதட்டைக் கடித்தாள். "யப்பா, இன்னா இழு இழுக்கிறான் அண்ணி உம் புள்ளை!"

ராசாத்தி அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

புத்தகப்படி பார்த்தாலும் அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. ஏழு மாதப் பையன் இழுக்கிற இழுப்பில் கட்டின பாலும் கரையும், குறைந்துபோன சுரப்பும் திரும்பும். நான் சொல்லியிருக்கவேண்டிய யோசனை அது. எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் வைத்தியத்துக்காக அதைச் செய்யவில்லை. அண்ணி ஒருத்தி மட்டும் தப்பு செய்தவளாக நிற்கக்கூடாது என்று தானும் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவ்வளவு பெரிய மனசை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அப்புறமும் அதிகம் பார்த்ததில்லை.

பையன் குடித்து முடித்ததும் அவள் பெண்ணை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். நான் கிட்டே போய் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் தப்பு பண்ணிட்டேன் சின்னப்பொண்ணு, என் பேச்சைக் கேட்டுத்தான் உனக்கு இவ்வளவும், என்றேன். மன்னிச்சிடு என்றும் சொன்னேன். 

அவள் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் இல்லை. வேலை சொல்லிக் கொடுக்கிறவள் போலப் பொறுமையாகச் சொன்னாள்: "இனிமே யாரையாவது கீழ அனுப்பினா, புள்ளையையும் கூட அனுப்பு, நர்சம்மா."

அனுப்பினேன். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் ஒரு தாயைக்கூட நான் தனியாகக் கீழே அனுப்பியதில்லை. நீங்களும் அனுப்பாதீர்கள்.